மாமல்லபுரத்தில் கைடு வைத்துக்கொள்ளலாமா? என் அனுபவமும் சில எச்சரிக்கைகளும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைத்துக்கொள்ளுங்கள், காசு வீண் போகாது. ஆனால் யாரை வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஊரில் கல் ஒன்றுதான், அதைப் பற்றிச் சொல்லப்படுகிற கதைகள் பல, உங்களுக்கு முதலில் எந்தக் கதை காதில் விழுகிறதோ அதைத்தான் அப்புறம் கண் தேடிக்கொண்டே இருக்கும்.

நான் இரண்டு விதமாகவும் சுற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை கைப்பேசியில் ஓர் ஆடியோ கைடு போட்டுக்கொண்டு தனியாக. இன்னொரு தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு, சுற்றுலாத் துறை அட்டை வைத்திருக்கிற ஒரு உள்ளூர் கைடோடு. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒப்பிட்டால்தான் எது எதற்கு உதவும் என்று புரியும்.

ஆடியோ கைடில் குரல் தெளிவாக இருந்தது, தமிழும் நல்ல தமிழ், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதையும் சரியாகக் கண்டுபிடித்துக்கொண்டது. பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் போய் நின்றதும், "இது அர்ஜுனன் தபசு. பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ஜுனன் சிவனை நோக்கித் தவம் செய்த காட்சி" என்று தொடங்கி, ஒற்றைக்காலில் நிற்கிற தவசி, எதிரே சிவன், சுற்றிலும் பூதகணங்கள், கீழே யானைகள் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டது. சொன்னதெல்லாம் அங்கே கல்லில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பாறையை இரண்டாகப் பிளந்துகொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடுகிறதே, அதற்குள் நாகராஜனும் நாகினிகளும் கைகூப்பியபடி மேலேறி வருகிறார்களே, அவர்களைப் பற்றி "நாகர்களும் இந்தக் காட்சியைக் காண வருகிறார்கள்" என்று ஒரே வரி. அந்தப் பாறையில் கண் முதலில் போய் நிற்கிற இடமே அந்த வெடிப்புதான், வானத்தில் பறக்கிற கந்தர்வர்களிலிருந்து கீழே நிற்கிற யானை வரை எல்லா உருவமும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதை நோக்கித்தான் வருகின்றன. தலைப்பு அர்ஜுனன் என்று ஆகிவிட்டதால் நடுவில் இருப்பது ஓரத்துக்குப் போய்விட்டது. கேட்டுக்கொண்டே பார்க்கும்போது இது எனக்கு உறுத்தவில்லை என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குரல் எதைச் சொல்கிறதோ அங்கே கண் போகும், அது சொல்லாததைக் கண் தானாகத் தேடாது.

இப்போது அந்த மனிதக் கைடுக்கு வருகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், பேச்சில் அவசரமே கிடையாது. அதே பாறைக்கு முன்னால் எங்களை நிறுத்தியதும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "சார், பேரை நான் இப்ப சொல்ல மாட்டேன். மொதல்ல நீங்க பாருங்க, என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்." சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டார். சுற்றி நாலைந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கைடு, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் பேசாமல் நின்றார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளமுள்ள பாறை, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பேர் தெரியாமல் பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள்தான் முதலில் பிடிபடுகின்றன. வெடிப்புக்குப் பக்கத்தில் கீழே ஓர் ஆள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறான், இன்னொருவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறான், வேறொருவன் கைகளை உயர்த்தி விரல்களைக் கோத்து அந்த இடைவெளி வழியாகச் சூரியனைப் பார்க்கிறான். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது, அந்தக் கால் வளைகிற விதத்தைப் பார்த்தால் செதுக்கியவர் மானைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்று தெரிந்துவிடும். சின்னதாய் ஒரு கோயில், உள்ளே திருமால், வாசலில் தலை உடைந்துபோன முனிவர்கள். வலது பக்கம் பெரிய யானைக்கு முன்னால் ஒரு பூனை, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள்.

அம்மா அந்தத் துணி பிழிகிறவனைத்தான் முதலில் காட்டினாள். "ஆத்துல குளிச்சிட்டு வந்திருக்கான் தம்பி, அப்ப அந்த வெடிப்புதான் ஆறு." கைடு சிரித்துவிட்டு, "அம்மா சரியாப் புடிச்சிட்டாங்க" என்றார். அதற்கப்புறம்தான் அவர் கதைகளை எடுத்தார், ஒன்றை அல்ல, எல்லாவற்றையும்.

1914-இல் விக்டர் கோலுபேவ் என்ற ஆய்வாளர் இதை அர்ஜுனன் தபசு அல்ல, பகீரதன் தவமிருந்து கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த காட்சி என்று வாதிட்டார். வெடிப்புதான் கங்கை. நாகர்கள் தண்ணீரில் வாழ்கிறவர்கள், அதனால்தான் அங்கே இருக்கிறார்கள். பாறைக்கு மேலே தண்ணீர் தேக்குகிற தொட்டி இருந்ததற்கான தடயமும் இருக்கிறது, அங்கிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் வெடிப்பு வழியாக அருவி மாதிரி இறங்கி நாகர்கள் மேல் விழும். கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. அப்படியானால் முடிந்துபோன விஷயம்தானே என்று நான் கேட்டேன். "முடியல சார். சிவன் கையைப் பாருங்க" என்றார். சிவனின் ஒரு கை வரம் கொடுக்கிற பாவனையில் இருக்கிறது, அதாவது கேட்டவனுக்கு எதையோ கொடுக்கிறார். கங்கையைச் சடையில் தாங்குகிற சிவன் அங்கே இல்லை. கங்கை இறங்குகிற கதையில் முக்கியமான கணமே அதுதானே, அதை விட்டுவிட்டுச் செதுக்குவார்களா? வில்லோடு வேடர்களும் இருக்கிறார்கள், வேடனாக வந்துதான் சிவன் அர்ஜுனனோடு சண்டை போட்டார். தொல்லியல் ஆய்வாளர் டி. என். இராமச்சந்திரன் போன்றவர்கள் அர்ஜுனன் பக்கம் நின்று வாதிட்டது வெறும் பழக்கத்தால் அல்ல.

இன்னொரு செய்தியும் அவர் சொன்னார். பல்லவர்கள் தங்கள் செப்பேடுகளில் பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று வம்ச வரிசை சொல்லிக்கொண்டவர்கள். அர்ஜுனன் துரோணரின் மாணவன். அந்தக் குடும்பத்து ராஜா தன் ஊர் வாசலில் அர்ஜுனனைச் செதுக்கியிருந்தால் அதில் வியப்பில்லை. சரி, கங்கையைச் செதுக்கியிருந்தால்? தன் குலத்தைப் புனிதமானது என்று சொல்ல நினைக்கிற எந்த ராஜாவுக்கும் கங்கை பிடிக்கும். ஆக, ராஜாவின் ஆசையை வைத்தும் ஒரு பக்கமாகச் சாய முடியவில்லை.

பூனைக்கு வந்தபோதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். போலித் தவம் செய்து எலிகளை ஏமாற்றித் தின்கிற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது, அப்படியென்றால் இது பாரதக் காட்சி, அர்ஜுனனுக்கு ஒரு சாட்சி. ஆனால் அந்தக் கதையில் பூனை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இடம் கங்கைக் கரை! அப்படியென்றால் பகீரதனுக்கும் அதே பூனைதான் சாட்சி. கைடு இதைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார், தீர்ப்புச் சொல்லவில்லை.

தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி இதை ஜைனச் சிற்பமாகவே பார்த்தார், அஜிதநாதர் புராணத்தில் வருகிற சகரன் என்ற அரசனின் பிள்ளைகள் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று. இந்த வாசிப்பை அந்த ஊரில் கைடு வாயிலிருந்து கேட்பது அபூர்வம், இவர் அதையும் சொன்னார். 1994-இல் பத்மா கைமல் என்ற கலை வரலாற்று ஆய்வாளர், இரண்டு கதையும் தெரியட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படிச் செதுக்கினார்கள் என்று எழுதினார். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் போகிறது. சிலேடையை அவ்வளவு ரசித்த காலம், ஒரே செய்யுளில் இரண்டு பொருள் வைத்துப் பாடியவர்கள் ஒரே பாறையில் இரண்டு கதை வைக்கத் தெரியாதவர்களா என்ன? பாறையில் இது இன்னார் என்று சொல்கிற கல்வெட்டு எதுவும் இல்லை, பல்லவர்களோ மற்ற இடங்களில் எல்லாம் பட்டப்பெயரை வரிசை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்தவர்கள். இங்கே எழுதாமல் விட்டதை மறதி என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தப் பேச்சுக்கு நடுவில் அம்மா ஒன்று சொன்னாள், அதைக் கைடே குறித்துவைத்துக்கொண்டார். எங்கள் அம்மா செய்யூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும், அதில் அர்ச்சுனன் தபசு ஒரு பெரிய நாள். உயரமான தபசு மரம் நட்டு, அர்ச்சுனன் வேஷம் கட்டினவர் பாடிக்கொண்டே அதில் ஏறுவார், மேலே போய் நின்று எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே வீசுவார், குழந்தை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். "அதைப் பார்த்து வளந்த ஜனங்களுக்கு, ஒத்தக்கால்ல கையைத் தூக்கிட்டு நிக்கறவன் அர்ச்சுனன்தான், வேற யாரா இருக்க முடியும்?" என்றாள். சற்று முன் வெடிப்பை ஆறு என்று சொன்னவளும் அவள்தான். ஒரே ஆளின் கண்ணுக்குள்ளேயே இரண்டு வாசிப்பும் இருந்தன, துணி பிழிகிறவனைப் பார்த்தபோது ஒன்று, தவசியைப் பார்த்தபோது இன்னொன்று. அர்ஜுனன் தபசு என்பது படிப்பறிவில்லாதவர்கள் வைத்த தப்பான பெயர் என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன், எனக்குக் கோபம்தான் வருகிறது. தொண்டை மண்டலத்து மக்கள் ஆண்டுதோறும் கண்ணால் பார்த்த ஒரு காட்சியை வைத்து அந்தக் கல்லை வாசித்திருக்கக்கூடும், அதுவும் சாட்சியத்தோடு செய்த வாசிப்புதான்.

இப்படியெல்லாம் எழுதுவதால் எந்தக் கதை சொன்னாலும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே கைடிடம் எனக்குக் குறையும் உண்டு. ஐந்து ரதத்துக்குப் போனதும் மனிதர் ஆளே மாறிவிட்டார். பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே தங்கினார்கள், இது திரௌபதியின் வீடு, அது பீமன் படுத்த இடம் என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே போனார்கள். அவை பாறையைக் குடைந்தும் செதுக்கியும் எடுத்த ஒற்றைக்கல் கோயில்கள், பாண்டவர் பெயர்களெல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. திரௌபதி ரதம் என்கிறோமே, அதன் உள்ளே எட்டிப் பார்த்தால் பின்சுவரில் துர்க்கை நிற்கிறாள், காலடியில் ஒரு பக்தன் தன் தலையையே அரிந்து கொடுக்கத் தயாராக மண்டியிட்டிருக்கிறான். கல்லே வாய் திறந்து சொல்கிறது இது கொற்றவையின் கோயில் என்று, அதற்கு மேல் வீடு என்று சொல்ல என்ன இருக்கிறது? ஒரு ரதமும் முழுதாக முடிக்கப்படவில்லை, அடிப்பகுதியில் உளித் தடம் அப்படியே தெரிகிறது, யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

அர்ஜுனனா பகீரதனா என்பது திறந்த கேள்வி, ஏனென்றால் இரண்டு பக்கமும் கல்லில் ஆதாரம் இருக்கிறது. பாண்டவர் குடியிருந்தார்கள் என்பதற்குக் கல்லில் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாமலே போய்விடும். நான் மெதுவாக, "அண்ணே, உள்ள துர்க்கைதானே இருக்கு?" என்று கேட்டேன். "ஆமா சார், நீங்க கேக்கறீங்க, எல்லாரும் கேக்க மாட்டாங்க, அவங்களுக்குப் பாண்டவர் கதைதான் வேணும்" என்றார். அந்தப் பதில் எனக்கு வருத்தமாக இருந்தது. தபசுப் பாறைக்கு முன்னால் அவ்வளவு பொறுமையாகப் பார்க்கச் சொன்னவர், எங்களை நம்பியவர், அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் அதே மாதிரி நம்பியிருக்கலாம்.

வெண்ணெய் உருண்டைப் பாறையில் வழக்கமான கதைதான், ஆங்கிலேயர் காலத்தில் யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று. 2019 அக்டோபரில் மோடியும் சீ சின்பிங்கும் கைகோத்து நின்ற இடத்தைக் காட்டினார், படம் எடுத்துக்கொண்டோம், நகர்ந்தோம்.

இதையெல்லாம் கட்டியது யார் என்ற கேள்வியில் அவர் மறுபடியும் பழைய ஆளாகிவிட்டார். பாடப்புத்தகத்தில் முதலாம் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன், என்று படித்திருப்போம். 1962-இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, இங்கேயுள்ள வேலைகள் எல்லாமே பின்னால் வந்த இராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், காலத்தவை என்று ஒரு வாதம் வைத்தார். பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் இருக்கிற அதிரணசண்ட மண்டபத்துக் கல்வெட்டில் வருகிற பட்டப்பெயர்களையும் இங்கேயுள்ள கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு எழுப்பிய வாதம் அது. பல அறிஞர்கள் இன்றும் அதை முழுதாக ஏற்பதில்லை, இரண்டு மூன்று ராஜாக்கள் காலத்தில் நடந்த வேலை என்பவர்களே அதிகம். கைடு இரண்டையும் சொல்லி, கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்பதையும் கையால் காட்டினார். சண்டை நடப்பது சுவரில் இருக்கிற எழுத்தைப் பற்றி, ஆளாளுக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பற்றி அல்ல, என்று புரிந்துகொள்ள அந்த ஒரு கைகாட்டல் போதும். ஆடியோ கைடு இதில் ஒரே ராஜா பெயரை மட்டும் சொல்லியது.

கடற்கரைக் கோயிலில் கொஞ்சம் அவசரப்படுத்தினார், வெயில் ஏறிவிட்டது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற பழைய பேச்சை எடுத்தார். 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியபோது மணல் விலகிப் புதைந்திருந்த சிற்பங்கள் வெளியே தெரிந்ததையும், அதற்கப்புறம் தொல்லியல் துறை அங்கே தோண்டியதையும் சொல்லிவிட்டு, "ஏதோ இருந்திருக்கு, ஏழுன்னு சொல்ல முடியாது" என்று நிறுத்திக்கொண்டார். அளவான, நேர்மையான வாக்கியம். கடைசியில் ஒரு சிற்பக் கடைக்குக் கூட்டிப்போனார். வாங்கச் சொல்லி நெருக்கவில்லை, ஆனாலும் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, அரை மணி நேரம் மிச்சம்.

மதிப்பெண் போடச் சொன்னால் இவருக்கு ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒன்று ஐந்து ரதத்துக்காக. ஆடியோ கைடுக்கு இரண்டரை, வழி காட்டவும் தேதி தெரிந்துகொள்ளவும் போதும், தனியாகப் போகிறவர்களுக்கு உதவும், ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரமாவது பாறையைச் சும்மா பாருங்கள்.

நடைமுறை விஷயங்கள் சில. தபசுப் பாறை கிழக்கு பார்த்தது, காலை வெயிலில்தான் உருவங்கள் புடைத்துத் தெரியும், மதியத்துக்கு மேல் போனால் பாதி அழகு போய்விடும், அதனால் முதலில் அங்கே போய்விட்டு மற்றதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தையும், எந்தெந்த இடம் காட்டுவார் என்பதையும் நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள், அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், ஐந்து ரதத்துப் பக்கம் மணலில் நடப்பது அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது, இங்கிருந்து அங்கே ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். தபசுப் பாறைக்குப் பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தை விட்டுவிடாதீர்கள், கோவர்த்தன மலையைத் தூக்குகிற கண்ணனுக்கு அருகே பால் கறக்கும்போது கன்றை நக்குகிற பசு இருக்கிறது. முன்னால் இருக்கிற தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது, அதற்கு முன் அந்தச் சிற்பமும் திறந்தவெளியில் வெயிலில்தான் நின்றது, அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், வேறு மாதிரித் தெரியும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான். பேரம் பேசும்போதே, "அண்ணே, அது அர்ஜுனனா, பகீரதனா?" என்று கேளுங்கள். பட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். "வாங்க, பாத்துட்டுப் பேசலாம்" என்று யாராவது சொன்னால் அவர் கேட்கிற தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.